லைன்மேன் கோபால்சாமியின் மூன்று கார்டுகள்

பத்து ரூபாய் பன்னுக்குக் கிரெடிட் கார்டு தேய்க்கிற மனிதரை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? நான் தினம் பார்த்தேன். ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே என் கடை. டீ, பன், பிஸ்கட், கொஞ்சம் மளிகை. காலையில் போளூர் பஸ் கிளம்பிப் போனதும் கோபால்சாமி அண்ணன் வருவார். பெஞ்சில் உட்கார மாட்டார். ஒரு பன் எடுப்பார். சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டுவார்.

"இன்னாண்ணா, சில்லற இல்லியா? போன்லயாவது அனுப்புங்களேன்" என்று ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான்.

"கார்ட்லயே எட்துக்கம்மா" என்பார்.

எடுத்துக்கொள்வது என்றால் சும்மாவா? அந்த மெஷினுக்கு மாசம் பிறந்தால் வாடகை தண்டம். கோடையில் அருவி பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்காக என் மகன் அஜய் வாங்கி வைத்துவிட்டுப் போனது. கடைக்குள் போனுக்கு சிக்னல் கிடைக்கும், அதற்கு மட்டும் கிடைக்காது. தூக்கிக்கொண்டு சாலையோரத்துப் புளியமரத்தடிக்குப் போய், தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழியும். ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிற சுப்பிரமணி, "இன்னாக்கா, சூரிய நமஸ்காரமா?" என்று கிண்டல் செய்வான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சீட்டு வெளியே வந்ததும் அண்ணன் தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"மெசேஜ் போய்ட்ச்சாம்மா?"

"போய்ட்ச்சி, போய்ட்ச்சி. பன்ன துன்னுங்க."

மெஷினிலிருந்து பேங்குக்குத் தகவல் போவதைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வயதானால் எல்லாவற்றிலும் ஒரு சந்தேகம் வரத்தானே செய்யும்.

அவர் இந்த மலையிலேயே பிறந்தவர். ஊருக்கு மேற்கே ஏறிப் போனால், சொந்த நிலத்துக்கு, இங்கத்துப் பேச்சில் கொல்லைக்கு, நடுவே அவர் வீடு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் காற்று அடித்தால் போதும், மலை முழுக்க அவரைத்தான் தேடும். மழையில் நனைந்துகொண்டே கம்பம் ஏறுவார். எல்லோருடைய போனிலும் அவர் எண் 'லைன்மேன்' என்ற பெயரில் இருந்தது. என் போனிலும்தான். ஓய்வு பெற்றதும் புது ஆள் வந்தான். எல்லோரும் அதே பெயருக்கு எதிரே புது எண்ணைப் போட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஊரில் யாரும் அவருக்குப் போன் போட்டதில்லை.

அவர் மனைவி அம்சவல்லி காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் அன்பரசி. அந்தப் பக்கத்துக் கொல்லைகளில் இன்ஜினீயரிங் படித்த முதல் பெண். புனேயில் ஏதோ பெரிய கம்பெனியில் வேலை. கூட வேலை செய்கிற மோகனையே கட்டிக்கொண்டாள். அதில் அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் தேவலை. சண்டை போடவாவது போன் வந்திருக்கும்.

அவரிடம் மூன்று கார்டுகள் இருந்தன. ஒன்று பெட்ரோல் கார்டு. போளூர் பேங்கில் ஓய்வூதியம் எடுக்கப் போன இடத்தில் தலையில் கட்டியது. அவருடைய பழைய மொபெட் குடிக்கிற பெட்ரோலுக்கு அதுவே அதிகம். இரண்டாவதை வாங்கின கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். அது இருந்தால் விமான நிலையத்தில் சோபாவில் உட்கார்ந்து ஓசியில் சாப்பிடலாம். விமானம் இந்த மலைக்கு மேலே பறப்பதை அண்ணாந்து பார்த்திருக்கிறாரே ஒழிய, அதன் வாசற்படியை மிதித்தது கிடையாது. யாரோ ஒரு பெண் போனில் ரொம்ப நேரம் பேசினாளாம், வாங்கிவிட்டாராம்.

மூன்றாவது மகள் கொடுத்தது. அவளுடைய கார்டோடு சேர்ந்த துணைக் கார்டு. இவர் தேய்த்தால் பணம் கட்டுவது அவள். அதனால்தான் பன்னுக்கு மேலே எதையும் அதில் வாங்க மாட்டார். தினமும் என்னிடம் நீட்டியதும் அதைத்தான்.

ஒரு மழைக்காலத்துக் காலை. கடையில் ஈ காக்கை இல்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு நனைந்துவிட்டு வந்த எரிச்சலில் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்ணா, நூறு ரூவாய்க்கு மேல தேச்சாதான் பாயிண்ட்டு. பத்து ரூவாய்க்கு ஒரு பாயிண்டும் கெடையாது. மாசக் கடசில மொத்தமா ஒரு தடவ தேச்சா உங்க பொண்ணுக்காச்சும் லாபம். எனக்கும் இந்தத் தலையெழுத்து இல்ல."

அவர் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.

"எங்க கொல்லைங்கள்ல வூடுங்க தள்ளித் தள்ளி கீதும்மா. காலைல எழுந்ததும் எதிர்மேட்ட பாப்போம். பொகை வந்தா சரி, அவன் எழுந்துட்டான், அடுப்பு பத்த வெச்சிட்டான், நல்லா கீறான். வர்லன்னா யாராச்சும் ஒருத்தன் போய் கொரல் குடுப்பான். அம்சவல்லி போன அன்னிக்கி நான் கம்பத்து மேல கீறேன். அடுப்பு பொகையலன்னு பாத்துட்டு எதிர்மேட்டுக்காரங்கதான் மொதல்ல ஓடனாங்க. இப்ப எல்லா வூட்லயும் கேஸு. கேஸ்ல ஏதும்மா பொகை?"

நனைந்த மெஷினைத் துணியால் துடைத்தேன்.

"இந்தக் கார்ட வாங்கி மொதமொதல்ல போளூர்ல செருப்புக் கடைல தேச்சேன். கடைய வுட்டு எறங்கல, அன்பரசி போன் பண்ணுது. 'அப்பா, செருப்பா வாங்கன? அளவு சரியா கீதா?'ன்னு கேக்குது. புனேல குந்திக்கினு என் காலப் பாத்துட்சும்மா அது! அப்பத்தான் புரிஞ்சிது. இத்த தேச்சா அங்க ஒரு சத்தம் கேக்கும். அப்பன் எழுந்துட்டான், கடத்தெருவுக்கு வந்துட்டான், நல்லா கீறான்னு தெரிஞ்சிக்கும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சத்தம் போட்டேன். "அதுக்கு ஒரு போன் போட்டு பேசறது!"

"போட்டா மீட்டிங்ல இருக்கும். 'சொல்லுப்பா, இன்னா விஷயம்'னும். சொல்றதுக்கு இன்னா விஷயம் கீது நம்மகிட்ட? இதுன்னா அதுக்குத் தொந்தரவு இல்ல பாரு."

அந்தச் செருப்புக்கு அப்புறம் அவர் தேய்த்ததைக் கேட்டு அன்பரசி போன் செய்ததில்லை. அது அவருக்குக் குறையாகத் தெரியவில்லை. எதிர்மேட்டுக்காரன் புகையைப் பார்த்தால் பார்த்தேன் என்று வந்து சொல்லவா செய்வான் என்பார்.

அன்றிலிருந்து நான் முணுமுணுக்கவில்லை. அவர் தலை தெரிந்ததுமே பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு மரத்தடிக்குப் போய்விடுவேன். சுப்பிரமணி கிண்டல் செய்தால், "உன் வேலைய பார்றா" என்பேன்.

வருடத்துக்கு ஒரு முறை மட்டும் அன்பரசி அவரிடம் நீளமாகப் பேசுவாள். புளி உலுக்குகிற சமயத்தில் கார்டுகளுக்கு வருடக் கட்டணம் வரும். எதை வைத்துக்கொள்வது, எதை மூடுவது, எதை மாற்றுவது என்று அப்பாவோடு பேசி முடிவு செய்வாள். இந்தக் கணக்கெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். அவர் வீட்டில் சிக்னல் இல்லாததால் அந்தப் பேச்சு என் கடையில்தான் நடக்கும். அந்த நாளுக்கு அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருக்கிற மாதிரி மூன்று கார்டையும் மேடையில் வரிசையாக வைத்துக்கொண்டு நிற்பார்.

இந்த வருடமும் போன் வந்தது. அவருக்கு ஒரு காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டார். அதனால் எல்லாம் என் காதிலும் விழுந்தது.

"அப்பா, மூணு கார்டும் கைல வெச்சிருக்கியா?"

"கீதும்மா. சாப்ட்டியா?"

"ஆச்சுப்பா. மொதல்ல பெட்ரோல் கார்டு. அத வெச்சிக்கோ. கட்டணம் தள்ளுபடி ஆயிடும். ரெண்டாவது, ஏர்போர்ட் கார்டு. குளோஸ் பண்ணிடு. ஏம்பா, யாரோ போன்ல பேசிச்சுன்னா வாங்கிடுவியா?"

"'சார், சாப்ட்டீங்களா'ன்னு கேட்டுச்சும்மா."

அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம்.

"சரி. மூணாவது என் கார்டு. பேங்க்ல அத பெரிய கார்டா மாத்தித் தர்றாங்க. அதுல சேர்ற பாயிண்ட்லயே எனக்கும் மோகனுக்கும் பிளைட் டிக்கெட் வந்துடும். ஆனா துணைக் கார்டுக்குத் தனியா கட்டணம். அதனால உன்னோடத எடுத்துடறேன். உனக்கு உன் பேர்லயே ஒண்ணு அப்ளை பண்ணிட்டேன்ப்பா. ஆயுசுக்கும் கட்டணம் கெடையாது. பத்து ரூவாய்க்குத் தேச்சாகூட கேஷ்பேக் வரும். ரெண்டு நாளா ஒக்காந்து உனக்குன்னே தேடனேன்."

அவர் முகம் மலர்ந்தது. தனக்காக மகள் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அத்த தேச்சா உன் போனுக்கு மெசேஜ் வரும் இல்ல?"

"எனக்கு எதுக்குப்பா? உன் போனுக்குத்தான் வரும்." அன்பரசி சிரித்தாள். நல்ல மனசோடுதான் சிரித்தாள். "ஏற்கெனவே நீ டெய்லி பத்து ரூவா பத்து ரூவான்னு தேச்சு என் போன் ரொம்பிப் போச்சு. அந்த மெசேஜ் எல்லாம் நான் மியூட்ல போட்டு ரொம்ப நாளாச்சுப்பா. பாக்கறதே இல்ல."

அவர் கையில் அந்தக் கார்டு இருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பிப் பார்த்தார்.

எனக்கு வந்ததே கோபம்! "இந்தா பொண்ணு, உங்கப்பன் இன்னாத்துக்கு..." என்று போனைப் பிடுங்கப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"யாருப்பா பக்கத்துல?"

"கடைக்காரம்மா. சரிம்மா, நீ சொன்னா சரி. நல்லா பாத்து பண்ணிருக்க."

"வேற இன்னாப்பா?"

"ஒண்ணியும் இல்லம்மா. வெச்சிடு."

போன் அணைந்ததும் நான் ஆரம்பித்துவிட்டேன். "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க! மழைன்னும் பாக்காம, வெயில்னும் பாக்காம நீங்க எறங்கி வந்து தேய்க்கறீங்க. அது மெசேஜ் வாய மூடி வெச்சிருக்குதே!"

"கல்லுன்னு சொல்லாதம்மா. ரெண்டு நாளா எனக்காக தேடிருக்குது. அதுக்கு எப்டித் தெரியும்? நான் சொல்லலியே."

"சொல்லித் தொலைங்களேன்! இப்பவே போடுங்க, நான் சொல்றேன்."

"எதிர்மேட்டுக்காரன்கிட்ட போய், தெனம் என் வூட்டுப் பொகைய பாருடான்னு கேட்டுக்குவாங்களாம்மா? அவனா பாக்கணும். கேட்டு வாங்கனா அது இன்னாத்துக்கு ஆவும்?"

பாலை அடுப்பில் ஏற்றினேன். அவர் மூன்று கார்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு ஏற ஆரம்பித்தார். அன்றைக்குப் பன் எடுக்கவில்லை.

புதுக் கார்டு வர நாளானது, அதுவரை வந்து தலையை மட்டும் காட்டிவிட்டுப் போனார். கூரியர்க்காரன் மலை ஏற மாட்டேன் என்றுவிட்டான், போளூருக்குப் போய் இவரே வாங்கி வந்தார். மறுநாள் காலையில் கடைக்கு வந்தார். பளபளவென்று நீல நிறத்தில் இருந்தது, அவர் பெயர் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. நான் மெஷினோடு மரத்தடிக்குப் போனேன், அவரும் கூடவே வந்தார். சீட்டு வந்தது. அதே நொடியில் அவர் சட்டைப் பையில் 'டிங்' என்று சத்தம் கேட்டது.

போனை எடுத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, கடைசி வரி வரை படித்தார்.

"எனக்கே வந்துச்சும்மா" என்றார்.

இத்தனை வருடமாக அந்தச் சத்தம் எங்கேயோ மகள் பக்கத்தில் கேட்கிறது என்று நம்பியிருந்தார். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டார். கேட்டது மகள் இல்லை, அவரே. பாவி மனுஷன், அதற்கும் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் வரவில்லை. போளூர் போயிருப்பார் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவர் பழைய எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒருத்தி சொல்கிறாள். அது எனக்குத் தெரியாதா? பஸ் கிளம்பியதும் என் கை தானாகப் பால் பாத்திரத்தை இறக்கி வைக்கிறது. மெஷினை எடுத்துக்கொண்டு புளியமரத்தைப் பார்க்கிறேன். "இன்னாக்கா, உங்க ஆளு வர்லியா?" என்று சுப்பிரமணி கேட்டான். அவன் குரலிலும் கிண்டல் இல்லை.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எதிர்மேட்டில் புகை வருகிறதா என்று பார்க்க இப்போது யார் இருக்கிறார்கள்? பாதிப் பேர் திருப்பூரில், மீதிப் பேர் வீட்டில் கேஸ். என் வீட்டுக்காரர் காரியத்துக்கு அப்புறம் காலை வேளையில் கடையைச் சாத்தியதே இல்லை. அன்றைக்குச் சாத்தினேன். சுப்பிரமணி ஆட்டோவை எடுத்தான். சாலை முடிகிற இடத்தில் இறங்கிக் கொல்லை வழியாக நடந்தேன். என்னென்னவோ நினைப்பு. அம்சவல்லி போன அன்றைக்கு ஓடியவர்களின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று அப்போது தெரிந்தது.

"லைன்மேன் அண்ணா!" தூரத்திலிருந்தே கத்தினேன். "அண்ணா!"

பதில் இல்லை. வீட்டுக்குப் பின்னால் போனால் மனிதர் குந்திக்கொண்டு புளி அடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஓடும் கொட்டையுமாகக் குவியல். மந்தக் காது நான் வந்த பக்கம் இருந்ததால் நான் கத்தியது கேட்கவில்லை. கல்லுக்குண்டாட்டம் நன்றாக இருக்கிறார்!

என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்தார். "இன்னாம்மா? கடைய வுட்டுட்டு இம்மாந்தூரம்? எதனா கெட்ட சேதியா?"

மூச்சு வாங்கியது. கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மெசேஜ் வர்லண்ணா. அதான் வந்தேன்."

கையில் இருந்த புளியை அவர் கீழே போடவில்லை. அப்படியே நின்றார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "டீ போடறேன், பால் இல்ல" என்று உள்ளே போனார். உள்ளே போய் அழுதார். எனக்குக் கேட்டது. நானும் வெளியே நின்று அழுதேன், எனக்கென்ன வெட்கம். என் அஜய் ஓசூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறான். திங்கட்கிழமை நான் செத்தால் அவனுக்கு அடுத்த ஞாயிறுதான் தெரியும். மலையை விட்டு யாரும் போகக் கூடாது என்றா சொல்கிறேன்? போனால்தான் பிழைப்பு. ஆனால் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா?

வரக்காப்பி நிறத்தில் ஒரு டீ கொடுத்தார். சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தார். புளிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் குடித்தோம். கிளம்பும்போது, "பொண்ணுகிட்ட எதும் சொல்லிடாதம்மா" என்றார். சொல்லவில்லை. சொல்ல என் நாக்கு எத்தனை நாள் துடித்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் பஸ் போனதும் வந்தார். ஒரு பன் எடுத்தார். நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

"அது வேணாம்மா" என்று பத்து ரூபாய்க் காசு ஒன்றை மேடையில் வைத்தார்.

"புதுக் கார்டு இன்னாச்சி? கேஷ்பேக் வருமேண்ணா."

"வூட்ல பெட்டில போட்டு வெச்சிட்டேன். இன்னாத்துக்கு? நீதான் பாத்துட்டியே."

காசை எடுத்து டப்பாவில் போட்டேன். அவர் முதல் முறையாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். பன்னைப் பாதி தின்றதும் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் வந்திருக்கவில்லை. பையில் வைத்துக்கொண்டு மீதிப் பன்னைத் தின்றார்.